நீங்கள் இருவரும் போய் வாருங்கள்

சார்லட்,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பக்கத்தில் சித்தி இருக்கிறார்கள் என்பது உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இதையெல்லாம் கிசுகிசுத்துப் பேச எனக்குப் பிடிக்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி தனியாக இருக்கும்போது படி. படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

மாப்பிள்ளைக்கு டிஸ்னி கப்பலில் போக ரொம்ப நாள் ஆசை. உனக்கும் ஆசை இருக்கிறது. இருந்தும், "அது பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறவங்களுக்கான கப்பலாச்சே, நாங்க ரெண்டு பேரும் போய் அங்க என்னக்கா பண்ண?" என்று கேட்டாய். உன் ஆபீஸ் தோழி, "அந்தக் காசுக்குப் பெரியவங்க மட்டும் போற கப்பல்ல போகலாமே" என்றாளாம். சித்தி வேறு, "எதுக்கு வலியப் போய் மனசக் கெடுத்துக்கணும்?" என்றார்களாம்.

போ. நானும் அத்தானும் அதே கப்பலில் போய் வந்தவர்கள். அந்த உரிமையில் சொல்கிறேன், தைரியமாகப் போ.

கோவில்பட்டி ஆச்சி வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்? டக்டேல்ஸ் இந்தியில் ஓடும். நமக்கு ஒரு வார்த்தை புரியாது. ஸ்க்ரூஜ் மாமா தங்கக்காசுக் குவியலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து நீந்துவதைப் பார்த்துவிட்டு, நீ திண்ணையிலிருந்து நெல் குவியலுக்குள் பாய்ந்து ஆச்சியிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டாய். அந்த வாத்தும் எலியும் நாம் பிள்ளையாய் இருந்தபோதே நமக்குச் சொந்தமாகிவிட்டவை. அவற்றைப் பார்க்கப் போவதற்கு இன்னொரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று யார் சொன்னது? மாப்பிள்ளை மதுரையில் வளர்ந்தவர். அவரும் இதே ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்திருப்பார்.

நாங்கள் போனது டிஸ்னி ஃபேன்டஸி என்ற கப்பலில். 1998இல் மேஜிக் என்ற கப்பலோடுதான் டிஸ்னிக்காரர்கள் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். ஃபேன்டஸி 2012இல் வந்தது. நீளம் 340 மீட்டர். 1,250 அறைகள். எல்லாம் நிறைந்தால் 4,000 பேர். ஜெர்மனியில் பாப்பன்பர்க் என்ற ஊரில் கட்டியது. அந்த ஊர் கடற்கரையில் இல்லை, உள்நாட்டில் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய கப்பலை ஆற்றில் இறக்கித்தான் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஃப்ளோரிடாவில் போர்ட் கனாவெரல் துறைமுகத்தில் ஏறினோம். ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராக்கெட் விடும் கென்னடி விண்வெளி மையமும் அங்கேதான் பக்கத்தில். மெக்சிகோவில் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்காவில் ஃபால்மத், கடைசியாக பஹாமாஸில் டிஸ்னியே வைத்திருக்கும் தீவு. ஒரு வாரப் பயணம்.

கப்பலில் ஏறும்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மூன்று மாடி உயரக் கூடத்துக்குள் நாம் நுழையும் வாசலில் ஒருவர் மைக்கோடு நிற்பார். குடும்பப் பெயரைக் கேட்டுக்கொண்டு, இன்னார் குடும்பம் வந்திருக்கிறது என்று உரக்க அறிவிப்பார். வரிசையாய் நிற்கும் ஊழியர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். எங்களுக்கு முன்னால் போன குடும்பத்தில் பாட்டி, தாத்தா, தள்ளுவண்டியில் ஒன்று, தோளில் ஒன்று என்று ஏழெட்டுப் பேர். அடுத்து நாங்கள் இரண்டு பேர். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மைக் வைத்திருந்த பெண் எங்களுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கவில்லை. அத்தான் பெயரைச் சொல்லி, அதே உரத்த குரலில், அதே நீட்டலோடு எங்கள் குடும்பத்தை அறிவித்தாள். கைதட்டலும் குறையவில்லை. அத்தான் கையை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் எங்கள் இருவரை மட்டும் ஒரு குடும்பமாக நாலு பேர் முன்னால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊரில் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் வந்துருங்க" என்று மாற்றிச் சொல்வார்கள். நீயும் கேட்டிருப்பாய்.

சத்தமாக இருக்குமே, பிள்ளைகள் காலுக்குள் ஓடுமே என்று பயப்படாதே. அந்தக் கப்பலின் அமைப்பு என்னவென்றால், பிள்ளைகளோடு வருகிற அம்மா அப்பாவுக்கு ஓய்வு கொடுக்கத்தான் பாதிக் கப்பலைக் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்குக் காப்பகம், மூன்று வயதுக்கு மேல் ஒரு கிளப், அதைவிடக் கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ஒன்று, பதினேழு வயது வரைக்கும் இன்னொன்று. நள்ளிரவு வரை திறந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் போனால் வெளியே வர மாட்டேன் என்று அழுகின்றன. அப்படிக் கிடைக்கிற நேரத்தில் அம்மா அப்பா போய் உட்காருவதற்கென்று பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு நீச்சல் குளம், ராத்திரியில் பாட்டும் நடனமுமாக யூரோப்பா என்று ஒரு பகுதி, பலோ என்று இத்தாலிய உணவகம், ரெமி என்று பிரெஞ்சு உணவகம். கொஞ்சம் யோசித்துப் பார். அவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கிடைப்பது நமக்கு நாள் முழுக்கக் கிடைக்கிறது. சூதாட்டக்கூடம் கிடையாது என்பது எனக்கு இன்னொரு நிம்மதி. மற்றச் சில கப்பல்களில் சாப்பிடப் போகும் வழியெல்லாம் சிகரெட் நாற்றமும் மெஷின் சத்தமுமாய் இருக்கும்.

உன் தோழி சொன்ன வகைக் கப்பல்களும் உண்டுதான். வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை. ராத்திரி ஆட்டம் பாட்டம் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக அதில் போ. பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று ஒதுங்குவதற்காக மட்டும் அதில் ஏறாதே. அந்த ஒதுங்கலுக்கு முடிவே கிடையாது. முதலில் பிறந்தநாள் விழா, அப்புறம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல், அப்புறம் கோயில். நாளாக ஆக நமக்கென்று நிற்க இடமே இருக்காது. அந்த நிலை உனக்கு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது நான் உனக்குக் காட்ட நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். கப்பலில் மூன்று பெரிய சாப்பாட்டுக்கூடங்கள். ஒரு நாள் ஒன்றில், மறுநாள் வேறொன்றில் என்று மாறி மாறிச் சாப்பிடுவோம். பரிமாறுகிறவர்களும் நம் கூடவே மாறி மாறி வருவார்கள். அதில் ஒன்றுக்கு அனிமேட்டர்ஸ் பேலட் என்று பெயர். சுவரெல்லாம் திரைகள். ஒரு நாள் ராத்திரி அங்கே உட்கார்ந்ததும் ஆளுக்கொரு தாளும் தடித்த பேனாவும் கொடுத்தார்கள். தாளில் தலை எங்கே வர வேண்டும், உடம்பு எங்கே, கால் எங்கே என்று அளவு போட்டிருந்தது. அதற்குள் ஒரு மனித உருவம் வரையச் சொன்னார்கள். எங்கள் மேசையில் ஒஹாயோவிலிருந்து வந்த வயதான தம்பதியும் இருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் வருஷா வருஷம் இரண்டு பேராகவே வருகிறார்களாம். நான் இரட்டை ஜடை போட்டு, தாவணி கட்டின ஒரு பெண்ணை வரைந்தேன். அத்தான் லுங்கியை மடித்துக் கட்டின மீசைக்காரர் ஒருவரை வரைந்தார். மீசைக்கு மட்டும் பேனாவை அழுத்தி அழுத்தித் தீட்டினார். தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாப்பாடு முடியும் நேரம். விளக்கெல்லாம் மங்கியது. திரைகளில் டிஸ்னியின் பழைய படங்களிலிருந்து ஒவ்வொரு உருவமாய் வந்து ஆட ஆரம்பித்தது. பார்த்தால் அவற்றோடு சேர்ந்து நாங்கள் வரைந்த உருவங்களும் ஆடுகின்றன! ஜடை ஒரு பக்கம் கோணலாய் இருந்த என் பெண், கையை வீசி, காலை மடக்கி, துள்ளித் துள்ளி ஆடினாள். பின்னாலேயே லுங்கிக்காரர். பக்கத்து மேசையில் ஐந்து வயது இருக்கும் ஒரு பையன் நாற்காலி மேல் ஏறி நின்று, மீசையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான். அது யார் வரைந்தது என்று அவன் அம்மாவைக் கேட்க, அத்தான் கையைத் தூக்கினார். அவன் இறங்கி ஓடி வந்து தன்னுடையது எது என்று காட்டினான். தலையே கிடையாது, வெறும் கால்கள்தான். கூடம் முழுக்க அன்றைக்கு வரைந்தவர்கள் எல்லோருடைய கிறுக்கலும் ஒரே திரையில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது துக்கத்தில் வந்ததில்லை. நம் கையால் போட்ட ஒரு கோட்டுக்கு உயிர் வந்து ஆடுகிறதைப் பார்க்க எந்த வயதில் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆக வேண்டும்? அறைகளே பிள்ளை குட்டிகளோடு வருகிறவர்களுக்காக அமைத்தவை. குளியலறை ஒன்று, கழிவறை ஒன்று என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், இரண்டிலும் கைகழுவும் தொட்டி உண்டு. பெரியவர்கள் படுக்கைக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. சோபாவுக்கு மேலே கூரையிலிருந்து இறங்குகிற இன்னொரு குட்டிப் படுக்கை. எங்கள் அறையில் அது மடங்கியபடியே இருந்தது. நிலமே தெரியாமல் கப்பல் நாள் முழுக்கக் கடலில் போன ஒரு சாயங்காலம், அந்த மடங்கின படுக்கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குதா?" என்றார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனோம். அப்படி ஒரு சாயங்காலம் உனக்கும் வரலாம். வந்தால் வரட்டும். டல்லாஸில் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வராமலா இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை டிபனுக்கு மேல்தளத்தில் பஃபே. அங்கே தட்டோடு இடம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ்க் குரல், "இங்க உட்காரும்மா" என்றது. அறுபத்தைந்து வயது இருக்கும், நூல்புடவை, மேலே ஸ்வெட்டர். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்த அம்மா. மடியில் ஒன்றரை வயதுப் பேரன். எந்த ஊர், என்ன வேலை எல்லாம் விசாரித்த பிறகு வழக்கமான கேள்வி. "எத்தனை பிள்ளைங்கம்மா? கிளப்புல விட்டுருக்கீங்களா?" நான் சொன்னேன், "எங்களுக்குப் பிள்ளை இல்லம்மா. நாங்க ரெண்டு பேருந்தான் வந்திருக்கோம்." குரலைத் தாழ்த்தாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். டாக்டர் பேர், திருக்கருகாவூர், ராமேஸ்வரம் எல்லாம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "இவனக் கொஞ்சம் பிடிம்மா, ஒரு காபி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று பேரனைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவன் என் வளையலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஒரு வளைகாப்பில் சந்தனம் பூச எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உன்னை மட்டும் தாண்டிப் போனார்களே, அன்றைக்கு நீ சமையல்கட்டில் போய் நின்றதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் காபிக் கதையை உனக்கு எழுதுகிறேன். இப்படிப்பட்டவர்களும் நம் ஊரில்தான் பிறந்திருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்க வேண்டுமானால் நாம் வெளியே வந்தாக வேண்டும்.

தீவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அத்தான் என்னைச் சும்மா விட மாட்டார். அதன் பழைய பெயர் கோர்டா கீ. எழுபது, எண்பதுகளில் போதைப்பொருள் கடத்துகிறவர்கள் அங்கே குட்டி விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். டிஸ்னி அதை 1997இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, காஸ்ட்அவே கீ என்று பெயர் மாற்றியது. சுமார் 1,000 ஏக்கர். கப்பலே கரையோடு வந்து நிற்கிறது, படகு மாற வேண்டியதில்லை. அந்தப் பழைய ஓடுபாதை இப்போதும் இருக்கிறது. வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு நாங்கள் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் புதர், தலைக்கு மேல் சுள்ளென்று வெயில், நடுவில் நேர்க்கோடாய் அந்தப் பாதை. போகும் வழியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். ஏறிப் பார்த்தால் கடல் மூன்று நிறத்தில் தெரிகிறது. செரினிட்டி பே என்று பெரியவர்களுக்கு மட்டுமான கடற்கரையும் தீவில் உண்டு. நாங்கள் அரை நாள் அங்கேயும், மீதி நாள் குடும்பங்கள் இருக்கும் கடற்கரையிலும் இருந்தோம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. மணல் வீடு கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அத்தான் நம் திருச்செந்தூர்க் கடற்கரைப் பாணியில் கிணறு தோண்டிக் காட்டினார். தண்ணீர் ஊறினதும் பத்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டன.

இனி காரியத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் நடக்கிற மாதமாகப் பார்த்துப் போ. செப்டம்பரிலும் ஜனவரிக் கடைசியிலும் பிள்ளைகளும் குறைவு, கட்டணமும் குறைவு. செப்டம்பர் என்றால் புயல் காலம், ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் வரலாம், கப்பல் வழி மாறலாம். என்னைக் கேட்டால் ஜனவரிதான். அறைக் கட்டணம் எப்படியும் இரண்டு பேருக்கென்றுதான் போடுகிறார்கள். மூன்றாவது, நாலாவது ஆளுக்குத்தான் சலுகை. எனவே பெரிய அறை எடுத்துக் காசைக் கரைக்காதே, ஆனால் பால்கனி உள்ளதாக எடு. காலையில் காபியோடு அங்கே உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்கே அந்தக் காசு தகும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டாவது பந்தியைக் கேள், எட்டேகால் வாக்கில் தொடங்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் முதல் பந்திக்குப் போய்விடும். தனி மேசை வேண்டுமா, மற்றவர்களோடு உட்கார வேண்டுமா என்பதையும் முன்னாலேயே சொல்லலாம். நாங்கள் மற்றவர்களோடு என்றோம். மாப்பிள்ளை கூச்சப்படுகிறவர், உங்களுக்குத் தனி மேசை நல்லது. நீ சைவம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே எழுதச் சொல்லிவிடு. முந்தின நாள் ராத்திரியே பரிமாறுகிறவரிடம் சொல்லிவைத்தால் மறுநாள் பருப்பும் சப்பாத்தியும் சோறுமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பலோவில் ஒரு ராத்திரி கட்டாயம் சாப்பிடு, கடைசியில் சாக்லேட் சூஃப்லே கேட்டு வாங்கு. முதல் தடவை போகிறவர்களுக்கு 75 நாளைக்கு முன்னால்தான் அதற்குப் பதிவு திறக்கும்; அன்றைக்கே செய்துவிடு, இடம் நிற்காது.

அக்வாடக் என்று 765 அடி நீளத்தில் ஒரு தண்ணீர்ச் சறுக்கு. கண்ணாடிபோல் தெரியும் குழாய். ஓர் இடத்தில் கப்பலுக்கு வெளியே கடலுக்கு மேலே போய்த் திரும்பும். மிதவையில் இரண்டு பேர் உட்காரலாம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் சரியாக இருக்கும். முதல் துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிப் போகிற நேரத்தில் போ, வரிசையே இருக்காது.

அடுத்த சுற்று சிகிச்சை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு, அதற்குத் தக்கபடி தேதி வை. முன்பணம் எது வரைக்கும் திரும்பக் கிடைக்கும் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் விசாத் தேதி, கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாட்டின் விதி, இரண்டையும் அவரை இப்போதே பார்த்துவிடச் சொல். சிகிச்சை முடியட்டும், நல்ல சேதி வரட்டும், அப்புறம் மூன்று பேராகப் போகலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதே. நல்ல சேதி வரும்போது வரட்டும், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. அதற்காக உன் முப்பத்தெட்டு வயதையும் அவர் ஆசையையும் வாசலில் காக்க வைக்காதே. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லிவை.

ஒன்று விட்டுப்போச்சு. ஒவ்வொரு அறை வாசலிலும் ஓர் உலோகக் கொக்கி இருக்கும், முதல் கப்பல்களில் அது மீன் வடிவம். பயணிகள் அதில் சின்னப் பாக்கெட்டுகள் வைத்துத் தைத்த துணிப்பையைத் தொங்கவிட்டு, ஒருவருக்கொருவர் சின்னச் சின்னப் பரிசு போட்டுக்கொள்வார்கள். போகிறதுக்கு முன்னாலேயே பெயர் கொடுத்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வளையலும் கடலைமிட்டாயும் போட்டோம். பதிலுக்கு எங்கள் பையில் பிள்ளைகள் வரைந்த படங்களாக வந்து குவிந்தன. உங்கள் இருவருக்கும் பையை நான் தைத்து அனுப்புகிறேன். சுங்குடித் துணி மிச்சம் இருக்கிறது, சிவப்பும் உண்டு, மாம்பழ மஞ்சளும் உண்டு. மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா